இந்த ‘வும்’ யாருக்கு?

ஜூலை 4

மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவர்களுக்கு இன்று முதல் வகுப்பு. வழக்கம்போல் பலகையில் ‘வால்வை உரிய முறையில் மூடவும்’ என்று எழுதிவிட்டு, இதில் என்ன கோளாறு என்று கேட்டேன். ஒருவன் எழுத்துப்பிழை தேடினான். இன்னொருவன் கடைசியில் ஆச்சரியக்குறி போடலாம் என்றான். ‘உரிய முறை’ என்றால் எந்த முறை, எந்தப் பக்கம் திருப்புவது, எவ்வளவு திருப்புவது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. உரிய, தகுந்த, போதுமான, சற்று ஆகியவற்றுக்கு என் வகுப்பில் நிரந்தரத் தடை என்று அறிவித்தேன். இதனால்தான் எனக்கு ‘உரிய மேடம்’ என்று பட்டப்பெயர். காதில் விழாத மாதிரி நடந்துகொள்வது என் வழக்கம்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள். முதுகைக் கூனிக்கொண்டு உட்காருகிறாள், தலை மட்டும் முன்னால் வளைந்திருக்கிறது. உட்காரும் விதமும் குணமும் ஒன்றுதான் போல. கேள்விக்குறி என்று அப்போதே மனதுக்குள் பெயர் வைத்துவிட்டேன்.

“மேடம், ‘மூடவும்’ல இருக்கிற இந்த ‘வும்’ யாருக்கு?”

படிக்கிறவர்களுக்கு என்றேன்.

“அப்படின்னா ‘மூடுங்க’ன்னே எழுதலாமே. எங்கம்மா ‘சாப்பிட வரவும்’னு கூப்பிடறதில்லயே.”

வகுப்பே சிரித்தது. உத்தரவுக்கு முகம் கூடாது, எழுதினவர் யார் என்று தெரியவே கூடாது என்று என் பழைய பாடத்தைச் சொல்லி உட்காரவைத்தேன். அது அவளுக்குப் போதவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னால், விழுந்து விழுந்து சிரிக்கிறார். சிரிக்கும்போது வயிற்றைக் கையால் பிடித்துக்கொள்கிறார். குழாய் வைத்த இடம் இன்னும் ஆறவில்லை.

ஜூலை 7

எழுதிவைத்துவிட வேண்டும். மனதுக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

இவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிரித்துவிட்டன. ஆஸ்பத்திரிக்குப் போய் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்வது ஒரு வழி. ஒருநாள் விட்டு ஒருநாள் அங்கேயே கிடக்க வேண்டும். இன்னொரு வழி, வயிற்றில் ஒரு குழாய் வைத்து, வீட்டிலேயே அதன் வழியாகத் திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியே எடுத்துவிட்டுப் புதுத் திரவம் விடுவது. தினமும் நான்கு தடவை. “இத்தனை வருஷம் ஆலைச் சங்குக்கு எந்திரிச்சாச்சு, இனிமே ஆஸ்பத்திரி டோக்கனுக்கு எந்திரிக்க முடியாது” என்று இவர் வீட்டு வழியைப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் நான்கில் இரண்டு தடவை நான் கல்லூரியில் இருக்கும் நேரத்தில் வருகிறது. இவரேதான் தனியாகச் செய்தாக வேண்டும். திரவப் பையை மாட்டுகிற நேரத்தில் குழாயின் வாயில் கிருமி பட்டால் போதும், வயிறு முழுக்கப் பரவிவிடும், உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். மாதக் கடைசியில் நர்ஸம்மா வந்து இவர் செய்வதைப் பார்ப்பார். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் வீட்டு வைத்தியம் கிடையாது. இயந்திரம்தான். இல்லாவிட்டால் நான் கூடவே இருக்க வேண்டும்.

“வேலைய விட்டுடேன்மா” என்று மகள் போனில் சொன்னாள். ஓய்வுக்கு இன்னும் இரண்டே வருடம் இருக்கிறது. இப்போதே விட்டால், தன்னால்தான் விட்டேன் என்று இவர் மனசு ஒடிந்துவிடுவார். விடாமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால் என் மனசு எந்தக் காலத்திலும் ஆறாது.

ஜூலை 9

ஆஸ்பத்திரியில் கொடுத்த செய்முறைத் தாளை இன்றுதான் நிதானமாகப் படித்தேன். நான் தடைசெய்த சொற்கள் எல்லாம் அங்கே குடியிருக்கின்றன. ‘உரிய முறையில் கைகளைச் சுத்தம் செய்யவும்.’ ‘திரவம் போதுமான தெளிவுடன் இருப்பதை உறுதி செய்யவும்.’ முகக்கவசத்துக்கு நடுவில் ‘க்’ இல்லை.

சிவப்பு மையை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். முழுவதையும் திருத்தி, எந்த விரலிடுக்கு, எத்தனை நொடி, எந்தக் கவ்வியை முதலில் மூடுவது என்று எல்லாம் சேர்த்துத் தட்டச்சு செய்து, கண்ணாடித்தாள் ஒட்டி, இவர் நாற்காலிக்கு நேரே சுவரில் மாட்டினேன். என் பணிக்காலத்தில் இவ்வளவு சுத்தமான செய்முறைத் தாள் எழுதியதில்லை.

“பாஸ் மார்க் போட்டியா?” என்றார்.

ஜூலை 10

முகக்கவசம் தாடையில். தாள் சுவரில்.

ஜூலை 14

ஞாயிற்றுக்கிழமை. பரண்மேல் பழைய மின்விசிறியைத் தேடப் போய், மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு தகரப் பலகை கையில் கிடைத்தது. ‘தலைக்கவசம் அணிய’ — அத்தோடு நிற்கிறது. ‘வும்’ எழுதுவதற்குள் என்ன நடந்ததோ. அப்புறம் எதையும் தேடத் தோன்றவில்லை.

இவர் ரசாயன ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர். கல்யாணமான புதிதில் ஆலைக் குடியிருப்பில் இரண்டே அறை. அந்த இரண்டில் ஒன்றில் ஞாயிறுதோறும் பலகைகள்தான் படுத்திருக்கும். ஆலைப் பெயின்டர் எழுத்து சாய்கிறது என்று இவரே பிரஷ்ஷைப் பிடித்துவிடுவார். எழுத்து அழகு. எழுத்துப்பிழைதான் சகிக்காது. ‘எச்சரிக்கை’யில் ஒரு தடவைகூட ‘க்’ வந்ததில்லை. நான் மண்ணெண்ணெய்த் துணியோடு பக்கத்தில் உட்கார்ந்து, பெயின்ட் காய்வதற்குள் துடைத்துத் திருத்த வேண்டும். மொழிப் படிப்புப் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த எனக்கு அதுதான் முதல் வேலை. சம்பளம், ஞாயிறு சாயங்காலம் இவரோடு ஒரு நடை.

மகள் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் சொல் ‘அபாயம்’. யார் வீட்டுக் குழந்தை அப்படிப் படிக்கும்?

பொறியியல் கல்லூரியில் எழுத்துப் பயிற்சிக்கு ஆள் தேடியபோது, ஆலையின் தலைமைப் பொறியாளர், “நம்ம பாதுகாப்பு வீட்டம்மா இருக்காங்க, போர்டெல்லாம் அவங்கதான் பாக்கறாங்க” என்று சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். இன்றைக்கும் நான் வகுப்பில் சொல்வதில் பாதி அந்த அறையின் தரையில் கற்றது. பெயின்ட் வாசம் வந்தால் எனக்கு இப்போதும் இருபத்தைந்து வயதுதான்.

ஜூலை 17

கடைசி வகுப்பு இல்லை, சீக்கிரம் வந்துவிட்டேன். உள்ளே நுழைந்தால் ஃபேன் சுற்றுகிறது, ஜன்னல் திறந்திருக்கிறது, தூசி பறக்கிறது, இவர் குழாயின் மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கண்ணெதிரே தாள். கண்ணெதிரே!

படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. இவ்வளவு பெரிய எழுத்துல எழுதி வெச்சேனே. உயிரு மேல ஆச இல்லயா இந்த மனுஷனுக்கு?

கத்திவிட்டேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒழுங்காகச் செய்தார். முடித்ததும்தான் சொன்னார்.

“வேணும்னு பண்ணல. அந்த ‘வும்’மப் பாத்தாலே அது வேற யாருக்கோன்னு தோணிடுது. எத்தன போர்டு எழுதித் தொங்கவிட்டிருப்பேன். அத நானே ஒருநாளும் படிச்சதில்ல. அதுக்குக் கீழ நின்னு பீடி குடிச்சவன எல்லாம் போய்க் கையப் புடிச்சுச் சொன்னாத்தான் கேட்டான்.”

அந்த ‘வும்’ எங்கள் இரண்டு பேரின் கூட்டுத் தயாரிப்பு. அதுவே இப்போது இவரைக் கவிழ்த்துவிடும் போலிருக்கிறது.

ஜூலை 18

வீட்டு விஷயத்தை வகுப்பில் போடலாமா? காலையெல்லாம் இதே யோசனை. கடைசியில் போட்டுவிட்டேன். பருவப் பயிற்சிக்கு வழக்கமாகத் துளையிடும் இயந்திரத்தின் கையேட்டைக் கொடுப்பேன். இந்தத் தடவை என் செய்முறைத் தாளைக் கொடுத்தேன். படிக்க வேண்டியவர் என் கணவர், படித்தும் செய்ய மாட்டேன் என்கிறார், செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து, மாதக் கடைசிக்குள் சரிசெய்ய வேண்டும் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

கேள்விக்குறி எழுந்து, “அவரு செய்யறத ஒருதடவ பாக்கணும் மேடம்” என்றாள். அவளோடு ஒரு பையனும் வருகிறானாம். அவன் எழுதும் வாக்கியம் ஒரு பக்கத்துக்கு நிற்காமல் ஓடும். அவனுக்கு நான் வைத்த பெயர் கமா.

ஜூலை 21

இருவரும் வந்தார்கள். இவருக்குக் கொண்டாட்டம். விருந்தாளி வந்தால் சட்டை மாற்றிக்கொள்கிற ஆள், வயிற்றைக் காட்ட வேண்டிய நாளில் இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் குறுக்கிடக் கூடாது என்று கேள்விக்குறி என்னைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டாள். என் வீட்டில், என்னை! போனேன். காது மட்டும் கூடத்தில் இருந்தது. ஃபேன் சத்தம் நிற்கவில்லை. பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அங்கிருந்தே குரல் கொடுத்தேன். நின்றது. எட்டிப்பார்த்தால் முகக்கவசம் மூக்குக்குக் கீழே. அதற்கும் குரல் கொடுத்தேன். குழாயின் மூடியைத் திறந்த நேரத்தில் போன் அடித்தது. இவர் கை நீட்டுவது எனக்கு முதுகிலேயே தெரியும். போட்ட சத்தத்தில் கமா நாற்காலியோடு பின்னால் போனானாம்.

வந்து பார்த்தால் கேள்விக்குறி ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து எழுதியிருக்கிறாள். இந்தப் பக்கம் ‘தாள் சொன்னது’. அந்தப் பக்கம் ‘மேடம் சொன்னது’. தாள் சொன்னதில் இவர் ஒன்றையும் செய்யவில்லை. நான் சொன்னதில் ஒன்றைக்கூட விடவில்லை.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. இவர் வெற்றி பெற்றவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

ஜூலை 23

வரைவைக் கொண்டுவந்தார்கள். அப்படியே எழுதிவைக்கிறேன்:

‘ஏங்க, முதல்ல ஃபேன நிறுத்துங்க. ஜன்னலயும் சாத்துங்க.

மாஸ்க் எங்க? தாடைக்கா போட்டிருக்கீங்க? மூக்கு மேல ஏத்துங்க.

கையக் கழுவுங்க. விரலிடுக்கு, நகக்கண்ணு, மணிக்கட்டு. அவசரமே வேண்டாம், உங்கள ஒரு ரயிலும் விட்டுட்டுப் போகாது.

மூடியத் திறந்தப்புறம் போன் அடிச்சா அடிக்கட்டும். நம்ம பொண்ணுதான். அப்புறம் கூப்பிட்டுக்கலாம்.’

இப்படியே கடைசிவரை. செய்முறையில் பிழை இல்லை, வரிசை சரி. விரலிடுக்கு, நொடி எல்லாம் இருக்கிறது. ஆனால் இது செய்முறைத் தாளா? நான் என் வீட்டில் போடும் சத்தம்! துறைத்தலைவர் பார்த்தால் என்ன சொல்வார்? இத்தனை ஆண்டு எது கூடாது என்று சொல்லிக்கொடுத்தேனோ, அது அத்தனையும் ஒரே தாளில்.

இது எழுத்தே இல்லை, திருப்பி எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். கமா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனான். அவள் வாசலில் நின்று திரும்பினாள். “அவரு வேற யாரு பேச்சக் கேப்பாரு, மேடம்?”

ஜூலை 24

விடிந்ததிலிருந்து அந்த வரைவுதான் மண்டைக்குள் ஓடுகிறது. அதோடு ஒரு பழைய கடிதமும்.

இவர் எனக்கு எழுதிய முதல் கடிதம், ஆலையின் பெயர் அச்சிட்ட தாளில் வந்தது. ‘தங்களிடம் பேசிய நாள் முதல் பணியில் கவனம் இழக்கப்பட்டுள்ளது. உறக்கமும் பாதிக்கப்பட்டுள்ளது. தங்கள் தரப்பிலிருந்து விரைவில் தீர்வு எதிர்பார்க்கப்படுகிறது.’ யாருடைய கவனம் இழக்கப்பட்டது? யார் எதிர்பார்க்கிறார்? கையெழுத்தைத் தவிர அதில் ஆளே கிடையாது. விபத்து அறிக்கை எழுதியே பழகின கை. எனக்கு அப்போதே வாத்தியார் புத்திதான். சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பிவிட்டேன். திருத்தியதற்கு அவமானப்பட்டு அடங்கிவிடுவார் என்று நினைத்தேன்.

மறுவாரம் ஒரே ஒரு வரி வந்தது. ‘ஏங்க, என்னைக் கட்டிக்கிறீங்களா?’

அந்த ‘ஏங்க’வுக்குத்தான் நான் மயங்கினேன். கல்யாணத்துக்குப் பிறகு அது எப்படியோ என் பக்கம் வந்துவிட்டது. இவர் என்னை ‘நீ’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார், நான் இத்தனை காலமாக ‘ஏங்க’ சொல்லிக்கொண்டிருக்கிறேன். முகமில்லாத கடிதத்துக்கு நான் மசியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்த இந்த விஷயத்தை அந்தப் பெண் எங்கிருந்து பிடித்தாள்?

கல்லூரிக்குப் போனதும் இருவரையும் கூப்பிட்டேன். விட்டுப்போன ஒரே ஒரு ஒற்றெழுத்தை மட்டும் சேர்த்துத் தாளைக் கொடுத்தேன். அச்செடுத்துக்கொண்டு வரச் சொன்னேன்.

ஜூலை 25

மாட்டியாயிற்று. இவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார்.

ஜூலை 30

நர்ஸம்மா வந்தார். இவர் ஒவ்வொரு வரியையும் என் குரலில், என்னைவிட மோசமாகக் கத்திப் படித்துவிட்டு, ஒவ்வொன்றாகச் செய்தார். நான் இப்படியா பேசுகிறேன்? “நீங்க இதவிட அழகாத்தான் பேசுவீங்க” என்று நர்ஸம்மா எனக்கு ஆறுதல் சொன்னார். முகக்கவசத்துக்குள்ளே சிரித்துக்கொண்டிருந்தார். இவர் எதையும் விடவில்லை, எங்கும் கை தவறவில்லை. தேறிவிட்டார். வீட்டிலேயே தொடரலாம்.

மகளுக்குப் போன் செய்து நான் வேலையை விடவில்லை என்றேன். அழுதேன். அவளும் அழுதாள். இவர் தூரத்திலிருந்து, “என்ன அங்க மூக்குறிஞ்சற சத்தம், மாஸ்க்கப் போடுங்க” என்றார்.

ஆகஸ்ட் 22

வெளியே எடுத்த திரவம் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க நர்ஸம்மா ஒரு வழி சொல்லியிருக்கிறார். பையை அச்சடித்த காகிதத்தின்மேல் வைத்து, எழுத்து படிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். படிக்க முடிந்தால் கிருமி இல்லை. ஆஸ்பத்திரித் தாளில் இருந்த ‘போதுமான தெளிவு’ இதுதான். இதை எழுத அவர்களுக்கு என்ன கேடு?

இவர் செய்தித்தாளை விட்டுவிட்டு என் மாணவர்களின் விடைத்தாளை அடியில் வைத்துப் பார்த்திருக்கிறார். நான் வந்ததும் முகத்தை ரொம்பக் கவலையாக வைத்துக்கொண்டு, “எழுத்து நல்லாத் தெரியுது. அர்த்தம்தான் வெளங்கல” என்றார்.

செப்டம்பர் 13

துறைத்தலைவர் அந்தத் தாளுக்கு நான் போட்ட மதிப்பெண்ணைக் கேள்வி கேட்டார். பேச்சுமொழி, நகைச்சுவை, முன்னிலை — எல்லாமே விதிக்குப் புறம்பாம். படித்தவர் செய்தாரா என்பதுதான் நான் பார்க்கும் விதி என்றேன். செய்தார் என்றும் சொன்னேன். மதிப்பெண் அப்படியே நிற்கிறது.

நவம்பர் 5

மழை. இரண்டாவது வகுப்பின் நடுவில் கடிகாரத்தைப் பார்த்தேன். இந்நேரம் ஃபேனை நிறுத்தியிருப்பார் என்று தோன்றியது. பாடத்தைத் தொடர்ந்தேன். இதைத்தான் நிம்மதி என்கிறார்கள் போலிருக்கிறது.

ஜனவரி 19

தாளைத் துடைக்கும்போது பார்த்தேன். அடியில், கண்ணாடித்தாளுக்கு வெளியே சுவரிலேயே, பென்சிலால் எழுதியிருக்கிறார். அதே பலகை எழுத்து. ‘எல்லாம் ஆச்சு. நீ நிம்மதியா க்ளாஸ் எடு. இனிமே எனக்குத் தனி எச்சரிகை தேவையில்லை.’

‘க்’ இல்லை. திருத்தவில்லை. எப்போது எழுதினீர்கள் என்றும் கேட்கவில்லை.

மார்ச் 11

அவர் போய்விட்டார்.

மார்ச் 29

இன்றுதான் பேனாவைத் தொட முடிந்தது. இதயம். காலையில் காபிக்குக் காத்திருந்தவர், நான் தம்ளரோடு வருவதற்குள் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை உட்காரவைத்து, குழாய் வைத்த இடம் கடைசிவரை சுத்தமாக இருந்தது, ஒரு தொற்றுகூட வரவில்லை, நீங்கள் செய்ததில் குறையே இல்லை என்றார். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

ஏப்ரல் 6

மகள் ஊருக்குத் திரும்புவதற்கு முன் கூடத்தை ஒழுங்குபடுத்தினாள். மிச்சப் பைகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். சுவர்த் தாளில் கை வைத்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இருக்கட்டும் என்றேன்.

‘முகக்கவசம் அணியவும்’ என்று என் பழைய தாள் இருந்திருந்தால் ஒன்றும் தோன்றியிருக்காது. அது யாருக்கோ எழுதியது, யாருமில்லாத கூடத்திலும் தொங்கும். இது அப்படியில்லை. ‘ஏங்க’ என்று ஆரம்பிக்கிறது. கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் என் குரல் அவரைக் கூப்பிடுகிறது. கீழே அவர் பென்சிலில் பதில் சொல்லியிருக்கிறார். எடுக்கவும் முடியவில்லை, படிக்கவும் முடியவில்லை.

ஜூன் 20

தாளை எடுத்துப் பெட்டியில் வைத்தேன். பென்சில் வரி சுவரில் இருக்கிறது. இந்த வருடம் வெள்ளையடிக்கப் போவதில்லை.

ஜூலை 10

புது வகுப்பு. ‘வால்வை உரிய முறையில் மூடவும்.’ என்ன கோளாறு என்று கேட்டுவிட்டு, இந்தத் தடவை நானே இன்னொன்றும் கேட்டேன். இந்த ‘வும்’ யாருக்கு?

ஜூலை 16

நர்ஸம்மா சொல்லி ஒருவர் கல்லூரிக்கே வந்தார். பேருந்து ஓட்டுநர். மனைவிக்கு அதே வைத்தியம் ஆரம்பிக்கிறார்களாம். அவர் வண்டிக்குப் போய்விட்டால் அந்த அம்மா தனியாகச் செய்ய வேண்டும். உங்கள் வீட்டில் ஒரு தாள் இருந்ததாமே, ஒரு நகல் கொடுத்தால் போதும் என்றார்.

கொடுக்க மாட்டேன் என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. அந்தத் தாள் உங்கள் மனைவிக்கு வேலை செய்யாது, அது என் வீட்டுக்காரருக்கு எழுதியது என்று விளக்கி, உட்காரச் சொன்னேன். இறுதியாண்டுக்குப் போய்விட்ட கேள்விக்குறியை ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன். வந்து, முதுகைக் கூனிக்கொண்டு, வெள்ளைத் தாளோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். கை கழுவுவதில் ஆரம்பிக்கலாமா என்று ஓட்டுநர் கேட்டார்.

“அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க” என்றேன். “வீட்டுல அவங்கள எப்படிக் கூப்பிடுவீங்க?”

அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. அந்தப் பெண்ணைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

“‘இந்தாம்மா’ன்னுவேன்.”

முதல் வரியில் அதை எழுதச் சொன்னேன்.